பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11: மூன்றரை வருட அனுபவம்

2018-ல் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் என்னுடையது. இன்டெல் ஐ5 8400, எச்310 போர்டு, 8 ஜிபி ராம். அல்சூரில் வீட்டிலிருந்தபடியே நான்கைந்து சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். அவர்களுடைய பான் நம்பர், வங்கி விவரம் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதனால் விண்டோஸ் 11-க்கு உங்கள் கணினி தகுதி பெறவில்லை என்று திரையில் வந்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற, ரகசிய சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதியும், செக்யூர் பூட் என்ற வசதியும் வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஒரு சர்வீஸ் கடையில் கேட்டேன். "மேடம், இதுல டிபிஎம் சிப்பே இல்ல. புது மிஷின் எடுத்துடுங்க, நாற்பத்தஞ்சாயிரத்துல முடிச்சிடலாம்" என்றார்கள். முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன். அன்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து தம்பி போனில் சொன்னான்: "அக்கா, உன்னோடது எட்டாவது தலைமுறை பிராசஸர். டிபிஎம் உள்ளேயே இருக்கும், பயாஸ்ல ஆஃப் ஆகி இருக்கும். முதல்ல அதைப் பாரு."

அவன் சொன்னது சரிதான். விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனால், இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி என்ற வரிக்கு எதிரே 'டிஸேபிள்டு' என்று இருந்தது. இன்டெல்லில் உள்ளேயே இருக்கும் டிபிஎம்-முக்கு இதுதான் பெயர், ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்பார்கள். அந்த ஒரு வரியை மாற்றியதும் டிபிஎம் 2.0 வந்துவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை. பார்க்காமலே புதுசு வாங்கச் சொன்னதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

செக்யூர் பூட் அவ்வளவு சுலபமாக வரவில்லை. கடையில் ஓஎஸ் போட்டபோது பழைய லெகசி பூட் முறையில், டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய வகையான எம்பிஆர் டிஸ்க்காகப் போட்டிருந்தார்கள். செக்யூர் பூட்டுக்கு யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறை வேண்டும், அதற்கு டிஸ்க் ஜிபிடி என்ற புது வகையாக இருக்க வேண்டும். இங்கே வரிசை ரொம்ப முக்கியம். டிஸ்க்கை மாற்றாமல், பழைய லெகசி முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம்-ஐ பயாஸில் அணைத்தால் விண்டோஸ் எழவே எழாது. நான் முதலில் அப்படித்தான் செய்துவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்துபோனேன். மறுபடி சிஎஸ்எம்-ஐ ஆன் செய்ததும் பழையபடி வந்தது.

டிஸ்க்கை மாற்ற, எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் ஒத்துக்கொள்ளாது. என்னுடையதில் நான்கு இருந்தன. இ டிரைவில் இருந்த குடும்பப் போட்டோக்களை எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பார்ட்டிஷனை அழித்தேன். அப்புறம் வேலிடேட், அது சரி என்றதும் கன்வர்ட். சில நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் சிஎஸ்எம் ஆஃப், செக்யூர் பூட் ஆன். 2022 மார்ச்சில் விண்டோஸ் 11 ஏறியது.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். செக்யூர் பூட் இருந்தால், கணினி எழும்போதே கையொப்பம் சரிபார்க்கப்பட்ட புரோகிராம்தான் ஓடும். ஆன்டிவைரஸ் விழிப்பதற்கு முன்னால் வேறொன்று நுழைவது கஷ்டம். டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் சாவி டிபிஎம்-மில் இருக்கிறது. பெட்டி திருடு போய் டிஸ்க்கைக் கழற்றி வேறு மிஷினில் போட்டாலும் என் கடைக்காரர்களின் விவரம் யாருக்கும் கிடைக்காது. இது எனக்குப் பெரிய நிம்மதி.

விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில், கெட்ட புரோகிராம் விண்டோஸின் உள்பகுதிக்குள் நுழையாமல் தடுக்கும் மெமரி இன்டக்ரிட்டி மட்டும் ஆன் ஆகாமல் அடம்பிடித்தது. ஒத்துவராத டிரைவர் என்று காட்டிய பட்டியலைத் திறந்தால், என்றோ பயன்படுத்திய ஒரு யுஎஸ்பி டேட்டா கார்டின் டிரைவர். கார்டைத் தூக்கிப்போட்டு வருடங்கள் ஆகின்றன, டிரைவர் அப்படியே கிடந்திருக்கிறது. நீக்கியதும் சரியாகிவிட்டது. வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. போன வருடம் பயாஸ் அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். நீலத் திரை வந்து பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டது. மறுநாள் ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். கணக்கு நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன். பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக சஸ்பெண்ட் செய்யுங்கள். கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

அப்பாவின் லேப்டாப் கதை வேறு. நான்காவது தலைமுறை ஐ3. மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அது கிடையாது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து விண்டோஸ் 11 ஏற்றினேன், ஓடவும் செய்தது. ஆனால் வருடாந்திரப் பெரிய அப்டேட் தானாக வரவில்லை. பென்ஷன் கணக்கு பார்க்கிற மிஷினை அந்த நிலையில் விட எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம் என்றால், அதற்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. வேறு வழியில்லாதவர்கள் அதையாவது செய்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஓஎஸ் போட்டுக் கொடுத்தேன். 2029 வரை அப்டேட் வரும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தமிழ்99 இருக்காம்மா?" அந்தத் தமிழ் விசைப்பலகை முறை இருக்கிறது. லினக்ஸில் தட்டச்சு மொழியை மாற்ற உதவும் ஐபஸ்ஸில் சேர்த்துக் கொடுத்தேன். இப்போது காலையில் காபி குடித்ததும் உட்கார்ந்து, ஊரில் இருக்கிற பெரியப்பாவுக்கு மெயில் அடித்துக்கொண்டிருக்கிறார்.