முருகனைக் கும்பிடும் வீடு, கத்தோலிக்க ஆண்கள் பள்ளி: தொடக்கநிலை முழுக்கப் படித்த அனுபவம்

சிங்கப்பூரில், பள்ளிகள் நடத்தும் கத்தோலிக்கத் துறவியரான ல சால் சபைச் சகோதரர்களின் மரபில் வந்த ஓர் ஆண்கள் தொடக்கப்பள்ளியில் என் மகன் தொடக்கநிலை 1 முதல் 6 வரை படித்து முடித்துவிட்டான். நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். "பிள்ளைய மதம் மாத்திட மாட்டாங்களா?" என்று மாமியார் தொடங்கிப் பலரும் கேட்டார்கள். அதே தயக்கத்தில் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

மாற்றவில்லை. அரசாங்க உதவிபெறும் பள்ளி என்பதால் பாடத்திட்டம் கல்வி அமைச்சினுடையது. திருப்பலி என்னும் கத்தோலிக்க வழிபாட்டுக்குப் போவதும் போகாததும் குடும்பத்தின் விருப்பம். ஆனால் சமயம் அந்தப் பள்ளியில் எங்குமே தென்படாது என்று நினைத்துச் சேர்க்காதீர்கள். அது நாள் முழுக்க இருக்கிறது.

குறிப்பாக ஒரு வழக்கம். "இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவுகூர்வோம்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் பேச்சை நிறுத்திச் சற்று நேரம் அசையாமல் நிற்பார்கள். உலகெங்கும் ல சால் பள்ளிகளில் உள்ள பழக்கம் இது. இடைவேளை முடிந்து வியர்வையும் கூச்சலுமாக வரும் 7 வயதுப் பையன்கள் சட்டென்று அடங்குவதைத் தொண்டூழியம் செய்யப் போனபோது பார்த்திருக்கிறேன். போகப்போக அது வீட்டுக்கும் வந்தது. தங்கையோடு சண்டை முற்றும்போது என் மகன் கண்ணை மூடி நிற்பான். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு எழுதிய வருடம், கணக்குத் தாளைத் திறக்கும் முன்பும் அப்படித்தான் செய்ததாகச் சொன்னான். எந்தத் துணைப்பாட வகுப்பும் இதைத் தந்திருக்காது.

அந்தச் செபம் "இயேசு நம் உள்ளங்களில் வாழ்க" என்று முடியும். பிள்ளைகள் "என்றென்றும்" என்பார்கள். "நான் சொல்லலாமாம்மா?" என்று தொடக்கநிலை 2இல் கேட்டான். "பிடிச்சா சொல்லு. இல்லேன்னா கையக் கூப்பிக்கிட்டு நில்லு, அதுவும் கும்பிடுறதுதான்" என்றேன். வகுப்பாசிரியையும் அதையே சொன்னார். கொஞ்ச நாளில், அந்த இடத்தில் மனதுக்குள் முருகா என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டான்.

இந்தச் சபையை நிறுவிய ஜான் பாப்டிஸ்ட் டி ல சால் 17ஆம் நூற்றாண்டு பிரான்சில் வசதியான வீட்டில் பிறந்தவர். பஞ்சம் வந்தபோது சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்கு முதலில் லத்தீனில் வாசிக்கக் கற்றுத்தந்த காலத்தில், பிரெஞ்சு மொழியில் தொடங்கினார். மே 15 நினைவுநாளையொட்டிப் பள்ளியில் கேட்ட இந்தக் கதையை மகன் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது எனக்கு மனம் நிறைந்தது. தமிழ் வகுப்புக்கு முகம் சுளித்துக்கொண்டிருந்தவன் அவன். தாய்மொழியில் வாசிப்பது பெரிய விஷயம் என்று நான் சொன்னால் ஏறாதது அன்று ஏறியது.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி கொடுப்பார்கள். தானத்துக்காகக் கேண்டீன் காசில் மிச்சம் பிடித்துப் போட வேண்டும். பெற்றோர் பண நோட்டைத் திணிக்காமல் இருந்தால்தான் அதற்குப் பலன். புதிதாகச் சேர்ந்த தொடக்கநிலை 1 பிள்ளைகளுக்கு முதல் சில நாள்கள் பெரிய பையன்கள் துணையாக இருப்பார்கள்: வரிசையில் நிறுத்துவது, காசை எண்ணிக் கொடுப்பது, அழுதால் பக்கத்தில் உட்காருவது. ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளியில் ஓர் ஆண்பிள்ளைக்கு இது மிக அவசியம் என்பேன். இந்த வேலையைப் பார்த்துக்கொள்ள அங்கே அக்காமார் கிடையாது.

பிடிக்காதவையும் உண்டு. மாதம் ஒரு பண்பு என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். ஒன்றும் அவன் மனதில் நிற்கவில்லை. இரக்கத்துக்கு நட்சத்திர ஒட்டி கொடுத்தது அதைவிட மோசம். ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் உதவும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. என் மகனும் ஒரு தவணை முழுக்க நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தான். கையால் செய்து பழகியது தங்கியது, சுவரில் படித்தது தங்கவில்லை.

இடம் கிடைப்பதும் எளிதல்ல. உடன்பிறந்தோர், முன்னாள் மாணவர் பிள்ளைகள், தேவாலயப் பரிந்துரை உள்ளவர்கள் எல்லோரும் முந்திய கட்டங்களில் வந்துவிடுவார்கள். பள்ளியோடு எந்தத் தொடர்பும் இல்லாத எங்களுக்கு, அப்படிப்பட்டவர்கள் பதியும் 2சி கட்டத்தில், குலுக்கலில்தான் கிடைத்தது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது, திருப்பலிக்குப் போகாத பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள், யார் உடன் இருப்பார் என்று நேராகக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஆசிரியர் ஒருவரோடு நூலகத்தில் இருந்தார்கள். சுற்றிக்காட்ட வரும் பெரிய பையனிடமும் அதையே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.