ஹைகோர்ட் ஹெரிடேஜ் வாக்: முத்துசாமி அய்யர் சிலைக்காகவே போகலாம்

போன ஞாயித்துக்கிழமை சென்னை ஹைகோர்ட்ட சுத்திக்காட்டுற ஒரு ஹெரிடேஜ் வாக் போயிட்டு வந்தேன். கட்டடத்த பத்தி சொன்னதுல ஒரு குறையும் இல்ல, 1892ல தொறந்தது, செங்கச் சிவப்பு கோபுரம், கலர் கண்ணாடி, 1914ல ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டது எல்லாம் பொறுமையா சொன்னாங்க. ஆனா நான் காசு கட்டினதே இந்த ஹைகோர்ட்டோட முதல் இந்திய ஜட்ஜ் முத்துசாமி அய்யர் சிலைய பாக்கத்தான்.

வெள்ளை மார்பிள், தலப்பாகையோட உக்காந்திருக்காரு, கால்ல செருப்பே கிடையாது. வெள்ளைக்காரன் கோர்ட்ல ஒருத்தர் வெறுங்காலோட ஜட்ஜா உக்காந்திருக்காரேன்னு எனக்கு அங்கேர்ந்து நகரவே மனசு வரல. இங்கதான் வாக் சொதப்பிடுச்சு. தெருவிளக்குல படிச்சாருங்கற கதைய மட்டும் சொல்லிட்டு அஞ்சே நிமிஷத்துல கிளப்பிட்டாங்க, மைக்கும் இல்ல, பின்னாடி நின்ன எங்களுக்கு பாதி கேக்கவே இல்ல.

அந்த மனுஷன் கதைய அஞ்சு நிமிஷத்துல முடிக்கலாமா? 1832ல தஞ்சாவூர் பக்கம் பொறந்தவரு, சின்ன வயசுலயே கிராமக் கணக்கர்கிட்ட மாசம் 1 ரூபா சம்பளத்துக்கு எடுபிடியா இருந்தாரு, தாசில்தார் முத்துசாமி நாயக்கர் பையனோட கெட்டிக்காரத்தனத்த பாத்து மெட்ராஸ்ல படிக்க வெச்சாரு, அங்க இங்கிலீஷ் கட்டுரைப் போட்டியில 500 ரூபா பரிசு. ஒரு ரூபா சம்பளக்காரனுக்கு ஐநூறு ரூபா, நினைச்சாலே சிலிர்க்குது! அப்புறம் கீழ் கோர்ட்ல முன்சீப், சின்னத் தொகை வழக்குகள பாக்கற ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜ், கடைசியில இதே ஹைகோர்ட்டோட முதல் இந்திய ஜட்ஜ். அத வெள்ளைக்காரங்க பேப்பர்லாம் திட்டித் தீர்த்துச்சு. அதுக்கு பதில் சொல்லணும்னே திருவல்லிக்கேணியில ஆறு இளைஞர்கள் 1 ரூபா 12 அணா கடன் வாங்கி ஒரு பேப்பர 80 காப்பி அச்சடிச்சாங்க. அதான் 1878ல ஆரம்பிச்ச தி இந்து. இந்தக் கதைய அந்த சிலை முன்னாடி நின்னு சொல்லாம வேற எங்க சொல்றது? 1893ல ஆக்டிங் சீஃப் ஜஸ்டிஸா இருந்ததையும் சொல்லல.

ஆனாலும் போங்க, கண்டிப்பா போங்க. கைடுக்கு விஷயம் தெரியுது, தனியா கேட்டப்போ ஆர்வமா பேசினாரு, நேரம்தான் குடுக்க மாட்டேங்கறாங்க. ஆரம்பத்துலயே சிலைகிட்ட கொஞ்சம் கூட நேரம் வேணும்னு சொல்லி வெச்சிடுங்க, கைடு பக்கத்துலயே நடங்க. அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், அந்த அரை மார்க் முழுக்க அந்த வெறுங்காலுக்கு.