நாய்க்குட்டிப் பராமரிப்புப் பெட்டி: நகவெட்டி நன்று, அதன் தடுப்புத் தகடு வேண்டாம்

எங்கள் வீட்டுக் குட்டிக்கு இரண்டரை மாதம் ஆனபோது இந்தப் பராமரிப்புப் பெட்டியை வாங்கினோம். கத்தரிக்கோல் வகை நகவெட்டி, பேட்டரியில் சுழலும் நக அரம், ஷாம்பு, ரப்பர் பிரஷ் ஆகிய நான்கும் அதில் உள்ளன. மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்ததில், கொடுத்த பணத்துக்கு ஈடாக நிற்பவை நகவெட்டியும் அரமும்தான். ஆனால், நகவெட்டியின் சிறப்பு என்று உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்களே, அதுதான் அதன் பெரிய குறை.

வெட்டும் அலகுக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தடுப்புத் தகட்டைச் சொல்கிறேன். நகம் அளவுக்கு மீறி உள்ளே போகாமல் அது தடுத்துவிடும், புதியவர்களும் அச்சமின்றி வெட்டலாம் என்கிறது உறை. நகத்துக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் உயிர்ச்சதை எதுவரை நீண்டிருக்கிறது என்பது நாய்க்கு நாய், ஏன், விரலுக்கு விரல்கூட மாறக்கூடியது. ஒரே இடத்தில் நிற்கும் தகட்டுக்கு அது எப்படித் தெரியும்? அதை நம்பி வெட்டிய முதல் நாளே, மூன்றாவது நகத்தில் ரத்தம் வந்துவிட்டது. சோள மாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்ததும் நின்றது என்றாலும், அதற்குள் குட்டி காலை உதறியதில் தரையெங்கும் சிவப்புப் புள்ளிகள். ரத்தத்தை நிறுத்தும் பொடியில் ஒரு சிறு டப்பாவையாவது பெட்டியில் சேர்த்திருக்க வேண்டும்.

தகட்டை ஒதுக்கிவிட்டு, கண்ணை நம்பி வெட்டத் தொடங்கிய பிறகுதான் நகவெட்டியின் தரம் புரிந்தது. வெள்ளை நகத்தில் உயிர்ச்சதை இளஞ்சிவப்பாக வெளியிலிருந்தே தெரியும். எங்கள் குட்டிக்கோ 18 நகமும் கறுப்பு. அதனால் நுனியிலிருந்து மெல்லிய சீவலாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலில் அது வெளிறி, உலர்ந்து, பொடிபொடியாகத் தெரியும். நடுவில் சற்றே பளபளப்பான கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்திவிட வேண்டும். அவ்வளவு மெல்லிய சீவலையும் இந்த அலகு நசுக்காமல், பிளக்காமல் வெட்டுகிறது.

மீதிக் கூர்மையை அரம் பார்த்துக்கொள்கிறது. அதன் சத்தத்தைக் கேட்டதுமே கட்டிலுக்கடியில் ஓடிய குட்டிக்கு, மூன்று நாள் அரத்தைத் தொலைவில் ஓடவிட்டுத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினோம். ஒரே இடத்தில் தொடர்ந்து வைத்தால் உராய்வில் நகம் சூடேறும் என்பதால், ஓரிரு விநாடி தொட்டு எடுப்பதே சரி. விரலிடை முடி நீளமாக இருந்தால் சுழலும் தண்டில் சுற்றிக்கொள்ளாமல் விலக்கிப் பிடிக்க வேண்டும். முன்னங்காலின் உட்புறத்தில் சற்று மேலே இருக்கும் நகத்துக்கு அரம் மிகவும் பொருத்தம். தரையில் படாததால் தேயாத அந்த நகம், கவனிக்காமல் விட்டால் வளைந்து சதையிலேயே குத்திவிடும். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வெட்டி வந்ததில், உள்ளிருக்கும் உயிர்ச்சதையும் மெல்லப் பின்வாங்கி, இப்போது நடக்கும்போது டக் டக் என்ற ஓசை கேட்பதில்லை.

ஷாம்பு பழுதில்லை. நாயின் தோல் நம் தோலைவிட அமிலத்தன்மை குறைந்தது. ஆகவே நம் ஷாம்பு அதற்கு ஒத்துவராது. இது நுரை குறைவாக வந்து, இரண்டு முறை வெதுவெதுப்பான நீர் ஊற்றியதும் அலசிப் போய்விடுகிறது. நறுமணம்தான் தாங்கவில்லை, துவட்டி விட்டதும் குட்டி கால்மிதியில் புரண்டு புரண்டு அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தது. வாரம் ஒருமுறை குளிப்பாட்டச் சொல்லும் கையேட்டையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. அடிக்கடி குளித்தால் இயற்கையான எண்ணெய்ப் பசை போய்த் தோல் வறளும். சேற்றில் புரளாத குட்டிக்கு மாதம் ஒருமுறை போதும்.

ரப்பர் பிரஷ் குட்டை முடிக்கு மட்டுமே உதவும். நீள முடிக் குட்டி வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு சீப்பு வாங்கி, குளியலுக்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். நனைந்தால் சிக்கு இன்னும் இறுகும்.

5க்கு 3.5 கொடுக்கிறேன். ஷாம்பு தீர்ந்ததும் மணமில்லாத வேறொன்றுக்கு மாறிவிட்டோம். தடுப்புத் தகட்டைத் திருகாணியைக் கழற்றி எடுத்தாகிவிட்டது.