கிளிநொச்சியில் வாடகைக்குக் கார் எடுக்கப் போகிறவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கள்

போன மாதம் அக்கா குடும்பம் கனடாவிலிருந்து வந்து நின்றது. நல்லூர்த் திருவிழா நேரம், வாகனம் கிடைப்பதே பெரும்பாடு. தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஏ9 வீதியோரம் இருக்கிற ஒரு இடத்தில் வாகன் ஆர் கார் ஒன்று எடுத்தோம். ஐந்து நாள், நாளுக்கு 9,000 ரூபா, அதைவிட டிப்போசிட் 40,000. காசை எண்ணி வாங்கியவர் என் அடையாள அட்டை இலக்கத்தையும் அத்தானின் பாஸ்போட் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதினார். எங்களுக்கு ஒரு துண்டும் தரவில்லை. "ஏதும் எழுதிச் சைன் பண்ணத் தேவையில்லையோ அண்ணை?" என்று கேட்டேன். "எங்கடை ஆக்களுக்குள்ள பேப்பர் எதுக்குத் தம்பி, நாங்கள் என்ன கொழும்புக்காரரே" என்றார். எனக்கும் அது நல்ல கதையாகத்தான் பட்டது. நான் விட்ட முதல் பிழை அது.

ஐந்தாம் நாள் பின்னேரம் காரைக் கொண்டுபோய் விட்டபோது அதே அண்ணை இடது பக்கம் குந்தியிருந்து, கதவுக்குக் கீழே தகரத்தில் விரலை வைத்துத் தடவிவிட்டு, "இதென்ன தம்பி?" என்றார். ஒரு சாண் நீளக் கீறல். பெயின்ற் வேலைக்கு 25,000. நாளுக்கு 100 கிலோமீற்றர்தான் கணக்காம், நாங்கள் 200 கூட ஓடிவிட்டோமாம், அதற்கு 12,000. கழுவ 3,000. கூட்டிப் பாருங்கள், சொல்லி வைத்ததுபோல 40,000 சரியாக வந்து நிற்கிறது.

நானும் குந்தியிருந்து அந்தக் கீறலைப் பார்த்தேன். பெயின்ற் உரிந்த இடம் செம்மஞ்சளாய்த் துரு ஏறியிருந்தது. அதற்கு மேலே, முன்பு எப்போதோ கார் பொலிஷ் பண்ணினபோது அகப்பட்ட மெழுகு, வெள்ளையாய் ஓரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டு இருந்தது. ஆவணி மாதம், வன்னியில் ஒரு துளி மழை இல்லை, ஐந்து நாளில் துரு எப்படி ஏறும்? நாங்கள் கீறியிருந்தால் அந்த மெழுகை யார் பூசியது? கேட்டேன். "நீங்கள் எடுக்கேக்க இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?" என்று திருப்பிக் கேட்டார். அந்த நிமிடம் என்னிடம் ஒன்றும் இல்லை.

காப்பாற்றியது அக்காவின் மகள். முதல் நாள் காலை கார் வெளியே வரும்போது, தன் கூட்டாளிகளுக்கு அனுப்ப அவள் போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்திருக்கிறாள். அரை நிமிடம்கூட இல்லை. கார் திரும்புகிற இடத்தில் வெயில் பட்டு அந்தக் கீறல் தெளிவாகத் தெரிகிறது, பின்னால் அந்த அண்ணையே நிற்கிறார். அன்றிரவு பதறிக்கொண்டு தேடி எடுத்துக் காட்டினோம். அடுத்த நாள் பெயின்ற் காசும் கழுவுகிற காசும், 28,000 திரும்பி வந்தது. கிலோமீற்றர்க் காசு 12,000 இன்னும் வரவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஓடலாம் என்று கணக்கு வைப்பது வாடகைக் கார்களில் வழமைதான், அதை நான் பிழை சொல்லவில்லை. ஆனால் அதைத் திறப்பைத் தரும்போது சொல்ல வேண்டும். திறப்பைத் திருப்பி வாங்கும்போது சொன்னால் அது வேறு.

காசைவிட எனக்கு நெஞ்சு பதறுகிற விஷயம் இனித்தான் வருகிறது. மூன்றாம் நாள் வவுனியாவுக்குப் போய்விட்டு இரவு திரும்பி வந்துகொண்டிருந்தோம். மாங்குளம் தாண்டி, முறிகண்டிக்குக் கிட்ட, ரோட்டின் நடுவில் மாடுகள் படுத்திருந்தன. இந்தப் பக்கம் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், இரவில் தார் சூடாக இருக்கும், மாடு வந்து படுத்துவிடும், லைட் வெளிச்சத்தில் கண் மட்டும்தான் மினுங்கும். பிரேக்கை ஏறி மிதித்தேன். கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், கடைசி மாட்டுக்கு ஒரு முழம் இருக்க நின்றது. பின் சீற்றில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் கடை வெளிச்சத்தில் நின்று கார்ப் பத்திரங்களை முதல் தடவையாக எடுத்துப் பார்த்தேன். இன்சூரன்ஸ் அட்டை 'தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்' என்று இருந்தது.

அப்போது எனக்கு அதன் அர்த்தம் முழுதாக விளங்கவில்லை. பிறகு இன்சூரன்ஸ் துறையில் வேலை செய்கிற கூட்டாளி ஒருவன் சொன்னான். சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி செய்த காரை வாடகைக்கு விட்டு அது விபத்துப்பட்டால், காருக்கான நட்டஈட்டைக் கம்பனி மறுக்கலாம். வாடகைக்கு விடுகிற வாகனத்துக்கு அதற்கென்று போட்ட காப்புறுதி வேண்டும், அதற்குக் கட்டணம் கூட, அதனால்தான் சிலர் போடுவதில்லை. நாங்கள் ஐந்து நாளும் அப்படிப்பட்ட காரில்தான் ஓடியிருக்கிறோம். அந்த மாட்டில் அடித்திருந்தால், அல்லது மாட்டை விலத்தப் போய் எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் அடித்திருந்தால் எங்கள் கதி என்ன? அதை நினைத்தால் இப்பவும் எனக்கு நித்திரை வருவதில்லை.

விசுவமடுவில் ரயர் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுக்குப் போகும் வழி, உச்சி வெயில். டிக்கியைத் திறந்தால் ஸ்பெயர் வீல் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறது, ஜாக் இல்லவே இல்லை. பட்டா என்கிற சின்ன லொறியில் வந்த ஒரு அண்ணை இறங்கித் தன் ஜாக்கைத் தந்து, கூடவே நின்று மாற்றியும் விட்டார். அவர் புண்ணியத்தில் வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். கார்க்காரருக்குப் போன் எடுத்தால் "அடிச்சுப்போட்டு பில்லைக் கொண்டாங்கோ" என்றார். பில்லைக் கொண்டுபோனேன், அதற்கும் காசு இல்லை.

எங்கள் பக்கப் பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன். அத்தான் ஒரு நாள் தன் கனடா லைசன்ஸை மட்டும் வைத்துக்கொண்டு பரந்தனிலிருந்து சாவகச்சேரி வரை ஓடினார். அது இங்கே செல்லாது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் அங்கேயே சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்து வந்து, இங்கே அதற்கு அங்கீகாரம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதில்லாமல் ஓடி அடிபட்டிருந்தால் கார்க்காரரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. வாகனக்காரருக்கும் பயம் இருக்கிறது, வாடகைக்கு எடுத்த காரைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டு ஓடினவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அதனால் அடையாள அட்டைப் பிரதி கேட்டால் கொடுங்கள், தப்பில்லை. பாஸ்போட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், பிரச்சினை வந்தால் பிறகு அதை மீட்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

திறப்பை வாங்க முன் ஐந்து நிமிடம் மினக்கெடுங்கள். காரைச் சுற்றி ஒரு வீடியோ, கதவுக்குக் கீழேயும் பம்பருக்குக் கீழேயும் குனிந்து எடுங்கள், கிலோமீற்றர் மீற்றரையும் பெற்றோல் முள்ளையும் எடுங்கள், காரைத் தருகிறவரும் அதில் தெரியட்டும், எடுத்தவுடனே அவருக்கே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டிக்கியைத் திறந்து ஜாக் இருக்கிறதா பாருங்கள். இன்சூரன்ஸ் அட்டையில் வாடகைக்கு விடலாம் என்று இல்லாவிட்டால், திருவிழா என்றாலும் பரவாயில்லை, பஸ்ஸில் போங்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும், வாடகை, டிப்போசிட், எத்தனை கிலோமீற்றர், யார் யார் ஓடலாம், நான்கு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி கேட்டால் தந்தே ஆக வேண்டும், அது நாங்கள் கெஞ்சி வாங்குகிற சாமான் இல்லை.

நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கிற பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அலுவலகத்தில் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வீடியோவின் பிரதியும், ரயர் பில்லும், வட்ஸ்அப் உரையாடலும் சேர்த்துக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை அந்த இடத்தின் பெயரை இங்கே போட மாட்டேன், கேட்டு எழுதாதீர்கள். ஆனால் அங்கே கார் எடுத்து டிப்போசிட் திரும்பி வராமல் போனது நான் மட்டும் இல்லை என்று இந்த ஒரு கிழமையில் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் எழுதிக் கொடுக்கவில்லை, "போனது போகட்டும்" என்று விட்டுவிட்டார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு எடுபடாது. கச்சேரிக்குப் போக நேரமில்லாவிட்டால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் போன் அடித்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். உங்களுக்கும் நடந்திருந்தால் திகதியையும் கார் நம்பரையும் உட்பெட்டியில் எனக்கு எழுதுங்கள், திங்கட்கிழமை காலை நான் திரும்பவும் அங்கே போகிறேன், வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டே போகிறேன்.