மேடன் என்எஃப்எல் 25: சாக் யாருடைய கணக்கில்?

மட்டக்களப்பில் அமெரிக்க விளையாட்டு என்றால் கூடைப்பந்துதான். நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து வந்த இயேசு சபைக் குருமார் புனித மைக்கேல் கல்லூரியில் அதை ஊன்றிவிட்டுப் போனார்கள்; அருட்தந்தை வெபரின் பெயர் இன்றும் மைதானத்தில் இருக்கிறது. அவர்களுடைய ஊரே பைத்தியமாகக் கிடக்கும் மற்றப் பந்து மட்டும் இங்கே இறங்கவில்லை. ஆகவே அமெரிக்கக் கால்பந்தைப் பழக விரும்பும் பெடியளுக்குக் கையில் கிடைக்கும் வாத்தியார் மேடன் என்ற வீடியோ கேம்தான். அந்த வாத்தியார் ஒரு விசயத்தை எப்படிச் சொல்லித்தருகிறார் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்: பந்தை எறியும் ஆளான குவாட்டர்பேக் பந்தோடு விழுத்தப்படும் 'சாக்'. பிழை அவருடையதா, அவரைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து லைன்காரருடையதா?

புதியவர்களுக்கு ஒரு வரி. நான்கு டவுனுக்குள், அதாவது நான்கு முயற்சிக்குள், பத்து யார் (கெஜம்) முன்னேற வேண்டும். பந்தை எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக் விழுந்தால் டவுனும் போகும், ஆறேழு யாரும் போகும். இரண்டாம் டவுனில் பத்து யார் தேவை என்று இருந்தது, மூன்றாம் டவுனில் பதினேழாகிவிடும். அங்கிருந்து மீள்வது கடினம்.

மேடனை முதன்முதல் தொடும் எவரும் முதல் ஆட்டத்திலேயே ஏழெட்டு சாக் வாங்குவார்கள். வாங்கிவிட்டு லைன்காரரைத் திட்டுவார்கள். விளையாட்டும் அதற்கு ஒத்தூதுகிறது: புள்ளிவிபரப் பக்கத்தில் ஒவ்வொரு லைன்காரரின் பெயருக்கு நேராகவும் 'விட்டுக்கொடுத்த சாக்' என்று ஒரு நிரல் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான நிஜ என்எஃப்எல்லின் அதிகாரபூர்வப் பதிவில் அப்படியொன்று கிடையாது. 1982 முதல் சாக் அடித்த எதிரணிக்காரரின் பெயரை எழுதுகிறார்கள், விழுந்த குவாட்டர்பேக்கின் பெயரையும் எழுதுகிறார்கள். கோட்டைவிட்ட லைன்காரர் யார் என்பதைத் தனியார் ஆய்வாளர்கள்தான் படம் பார்த்துப் பிரிக்கிறார்கள். கிரிக்கெட்டில் ரன் அவுட்டும் இப்படித்தானே: கூப்பிட்டவர் யார் என்று ஸ்கோர் புத்தகம் கேட்பதில்லை. மேடனின் அந்த நிரலை நம்பி லைன்காரரை மாற்றத் தொடங்கினால் அணி சம்பள வரம்பில் முட்டுமே தவிர, சாக் குறையாது.

இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. செட்டிங்கில் பிளேயர் ஸ்கில் பகுதிக்குப் போய் உங்கள் அணியின் பாஸ் பிளாக்கிங் ஸ்லைடரை 50 இலிருந்து 100 ஆக்குங்கள். அதே பழக்கத்தோடு ஓர் ஆட்டம் ஆடுங்கள். சாக் குறையும், ஆனால் மறையாது. எஞ்சி நிற்பவைதான் உங்களுடையவை. அவற்றை இன்ஸ்டன்ட் ரிப்ளேயில் கமராவை மேலே தூக்கி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பிழைகள் தெரியும்.

முதலாவது, பின்னுக்கு ஓடுவது. ஷொட்கன் நிலையில் குவாட்டர்பேக், தனக்குப் பந்தைத் தரும் நடு லைன்காரருக்கு ஏறக்குறைய ஐந்து யார் பின்னால் நிற்கிறார். இன்னும் இரண்டு மூன்று யார் பின்வாங்கினால் போதும். ஓரத்து லைன்காரர் இருவரும் அந்த ஏழெட்டு யார் ஆழத்தை மனதில் வைத்துத்தான் எதிராளியை வளைத்துத் தள்ளுகிறார்கள். அவர்கள் சரியாகத் தள்ளிய எதிராளி குவாட்டர்பேக்குக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய்விடுவார். நீங்கள் பயத்தில் பத்துப் பன்னிரண்டு யாருக்கு ஓடினால், அதே எதிராளி நேராக உங்கள் மடியில் வந்து விழுவார். லைன்காரர் வேலையைச் செய்துவிட்டார். நீங்கள்தான் இடத்தை மாற்றிவிட்டீர்கள். மருந்து: இடது ஸ்டிக்கை மெதுவாக முன்னே தள்ளி, லைன்காரர் காத்துவைக்கும் இடமான பொக்கெட்டுக்குள் ஒரு யார் ஏறுங்கள். பிளேஸ்டேஷன் கொன்ட்ரோலரின் ஆர்2 ஐத் தொடவே வேண்டாம். அதை அழுத்தினால் குவாட்டர்பேக் ஓட்டத்துக்கு மாறுவார், எறியும் துல்லியமும் கெடும்.

இரண்டாவது, பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பது. விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன் லைன்காரரை மதிப்பிடும் கணக்கில், 2.5 செக்கன் தாக்குப்பிடித்தால் அவர் வென்றவர். ரிப்ளேயில் பந்து கைக்கு வந்ததிலிருந்து எண்ணுங்கள். இரண்டு செக்கனுக்குள் ஒரு லைன்காரர் தனியாகத் தோற்று, அவருடைய எதிராளி உங்களை விழுத்தினால் லைன்காரர் கணக்கில் போடுங்கள். நான்கு செக்கன் தாண்டி விழுந்தால் அதை எந்த லைன்காரரிடமும் கேட்கக் கூடாது. பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ஆள் காவலில்லாமல் கிடைக்கவில்லையா, இரண்டாவது ஆளைப் பாருங்கள். அவரும் இல்லையா, ஓரத்து லைன்காரருக்கு வெளியே ஓடிப்போய் ஆர்3 ஐ அழுத்திப் பந்தை வெளியே எறியுங்கள். உள்ளே நின்றபடி ஆளில்லாத இடத்துக்கு எறிந்தால் நிஜ விதியில் தண்டனை: டவுனும் போகும், பத்து யாரும் போகும்.

மூன்றாவது வகைதான் வாதத்துக்குரியது: யாருமே தடுக்காமல் விடப்பட்ட ஆள். இங்கே மேடனின் பலம் தெரிகிறது. பந்து எடுபடுவதற்கு முன் எல்1 அழுத்தினால் பாதுகாப்பு மெனு வரும். ஐந்து லைன்காரரையும் ஒரு பக்கம் சரிக்கலாம், பந்தோடு ஓடும் ஆளான ரன்னிங் பேக்கைத் தடுக்க நிறுத்தலாம். கணக்கு எளிது. ஐந்து பேரோடு பின்னால் நிற்பவரையும் சேர்த்தால் ஆறு தடுப்பாளர். எதிரணி ஏழு பேரை அனுப்பினால் ஒருவர் கட்டாயம் சும்மா வருவார், உலகத்திலேயே சிறந்த லைன் என்றாலும். அந்த ஏழாமவர் குவாட்டர்பேக்கின் பொறுப்பு. அவர் வருமுன் பந்து போய்விட வேண்டும். இடப்பக்கம் சரித்தால் வலது ஓரம் ரன்னிங் பேக்கின் தலையில் விழும் என்பதையும் மறக்கக் கூடாது. பிராக்டிஸ் மோடில் உங்கள் ஆட்டத் திட்டத்தையும், கூடுதல் ஆட்களைப் பாயவிடும் எதிரணியின் பிளிட்ஸையும் நீங்களே தெரிவுசெய்து, சரிப்பை மாற்றி மாற்றி ஓட்டினால், யார் சும்மா வருகிறார் என்பது ரிப்ளேயில் அப்பட்டமாகத் தெரியும். மேடனில் காசுக்குப் பெறுமதியான பகுதி எதுவென்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

நிஜ உலகமும் ஏறக்குறைய இதே பக்கம்தான் சாய்கிறது. 2007 இல் நியூ இங்கிலாந்து அணியின் குவாட்டர்பேக் டொம் பிரேடி 578 தடவை எறிந்து 21 சாக் வாங்கினார். 2008 இன் முதல் ஆட்டத்திலேயே அவர் காயப்பட, மட் கசல் இறங்கி 516 தடவை எறிந்து 47 வாங்கினார். லைன் பெரும்பாலும் அதே ஆட்கள். மயாமியின் டான் மரீனோ 1988 முழுவதற்கும் ஆறே ஆறு சாக். அவர் கால் வேகமானதல்ல, கை வேகமானது. மறுபக்கமும் உண்டு. 2002 இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் அணியில் டேவிட் கார் 76 தடவை விழுந்தார். அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. அந்த லைனைப் பார்த்துவிட்டு எல்லாம் காரின் பிழை என்று சொல்ல மனசாட்சி இடம்தராது. சாக் வாங்கினால் தோல்விதான் என்றும் சொல்லிவிட முடியாது: 2022 ஜனவரியில் ஜோ பரோ டென்னஸி அணியிடம் ஒன்பது வாங்கிக்கொண்டும் 19-16 என்று வென்றார்.

மேடனில் இந்த வேறுபாட்டைக் குவாட்டர்பேக்கின் குணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 'சென்ஸ் பிரெஷர்' என்ற இயல்பில் ஒருவர் எதையும் கவனியாதவர், இன்னொருவர் நிழலுக்கும் பயப்படுபவர். ஆனால் அது கணினி ஆட்டும் குவாட்டர்பேக்குக்குத்தான். கொன்ட்ரோலர் உங்கள் கையில் இருந்தால் அந்த இயல்பு உங்களுடையதுதான்! குறை என்னவென்றால், மிகக் கடினமான ஓல்-மேடன் மட்டத்தில் சில எதிராளிகள் தடுப்பை உதறும் வேகம் நம்ப முடியாதது. பழகும் மட்டும் புரோ மட்டத்தில் நில்லுங்கள், பிறகு ஓல்-புரோ.

வாங்குவது பற்றி. வெளிவந்தபோது 69.99 டொலர், அந்த விலைக்கு வாங்க வேண்டாம். ஆண்டுதோறும் ஓகஸ்டில் அடுத்தது வரும், பழையதன் விலை விழும். மேடனை வெளியிடும் ஈஏ நிறுவனத்தின் ஈஏ பிளே சந்தாவில் புதிய பதிப்பைப் பத்து மணித்தியாலம் ஓட்டிப் பார்க்கலாம். மேலே சொன்ன பிராக்டிஸ் முழுவதற்கும் அது தாராளம். பிளேஸ்டேஷன் கடையில் இலங்கை என்ற நாடு இல்லாததால் வேறு நாட்டுக் கணக்குத் தேவை, அந்த நாட்டு கிஃப்ட் கார்டும் தேவை. கணினி இருந்தால் ஸ்டீம் தலையிடி குறைந்தது. பிஎஸ்4 பதிப்பைத் தவிருங்கள், உடலசைவுகள் பழைய தலைமுறை.

கல்லடியிலோ காத்தான்குடியிலோ இருந்து அமெரிக்க எதிராளியோடு ஒன்லைனில் மோதினால், ஃபைபர் இணைப்பு என்றாலும் பட்டன் சற்றுப் பிந்தித்தான் வேலை செய்யும். 2.5 செக்கனுக்குள் முடிவெடுக்கும் விளையாட்டில் அந்தப் பிந்தல் பெரிது. அங்கே வாங்கும் சாக்கை எவர் கணக்கிலும் எழுத வேண்டாம். ஒஃப்லைன் ஃபிராஞ்சைஸ் ஆடுங்கள், இன்டர்நெட் இல்லாமலே ஓடும்.