வாட்ஸ்அப் லைவ் லொகேஷன்: அனுப்புவது சுலபம், புரிவதுதான் கஷ்டம்

ராத்திரி பஸ்ஸில் வருகிறவரிடம் "எங்க வந்துட்டு இருக்கே" என்று நொடிக்கொரு தடவை போன் போட்டுக் கேட்காமல் இருக்க, நாம் போகப் போக இருப்பிடத்தை மேப்பில் நகர்த்திக் காட்டும் வாட்ஸ்அப்பின் லைவ் லொகேஷன் நல்ல வசதி. 2017 முதல் இருக்கிறது, தனியாக எந்த ஆப்பும் இறக்க வேண்டாம். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றே தேர்வுகள், நிறுத்த மறந்தாலும் நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும் என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூகுள் மேப்ஸில் நாமாக நிறுத்தும் வரை ஓடுகிற தேர்வும் உண்டு, வீட்டு ஆட்களுக்குள் சரி, மற்றவர்களுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

குறை எங்கே என்றால், லொகேஷன் திரையில் லைவ் லொகேஷனும் தற்போதைய இருப்பிடமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. தற்போதைய இருப்பிடம் என்பது அனுப்பிய இடத்திலேயே நிற்கும் வெறும் புள்ளி. பழக்கமில்லாத பெரியவர்கள் அதைத் தட்டிவிட்டால், பஸ் திண்டிவனம் தாண்டிய பிறகும் இங்கே காத்திருப்பவர் செங்கல்பட்டில் நிற்கிற புள்ளியைப் பார்த்துப் பதறிக்கொண்டிருப்பார். ஒன்று நகரும், இன்னொன்று நகராது என்று பட்டனிலேயே எழுதிவிடலாமே!

அப்புறம் சார்ஜ். பகிர்கிறவர் போனில் எவ்வளவு பேட்டரி மிச்சம் என்று கூகுள் மேப்ஸ் காட்டுகிறது. புள்ளி திடீரென்று நின்றால் போன் அணைந்திருக்கும் என்றாவது ஊகிக்கலாம். வாட்ஸ்அப்பிலும் அது கட்டாயம் வேண்டும்.