ஏலக்காய் ஸ்டோருக்கு ஏற்ற டார்ச்: எமிசார் டி4வி2, நிச்சியா 519ஏ

டார்ச் பிரியர்கள் இருவர் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி "எத்தனை லூமன்ஸ்?" (மொத்த வெளிச்சம் எவ்வளவு?) என்பதுதான். எமிசார் டி4வி2 விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். எனக்கு ஊர் கம்பம். தோட்டம் மேலே, உடும்பன்சோலைப் பக்கம். ராத்திரி, ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரிலும் செடிக்குள்ளும் இந்த டார்ச்சோடுதான் நடமாட்டம். இதைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், இது நிறத்தை உள்ளபடி காட்டுகிறது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் செய்யக்கூடிய ஒரே ஒரு 18650 லித்தியம் செல், தலையில் நான்கு எல்இடி, அவற்றின் மேல் நான்கு கண் கொண்ட ஒரே லென்ஸ், பக்கவாட்டில் ஒரு பொத்தான். அவ்வளவுதான். 2017-ல் வந்த டி4-ன் அடுத்த பதிப்பு இது. அந்த முதல் டி4-க்கே தலை 28 மில்லிமீட்டர், நீளம் 95 மில்லிமீட்டர்தான். ஆனால் எக்ஸ்பி-எல் ஹெச்ஐ என்ற வகை எல்இடி போட்டால் 4300 லூமன்ஸ் என்று விற்றார்கள். சட்டைப்பையில் போடுகிற சாமானிலிருந்து அவ்வளவு வெளிச்சம் வந்ததால்தான் உலகம் முழுக்க இதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். எந்த எல்இடி வேண்டும் என்று ஆர்டர் செய்யும்போதே நாம் தேர்ந்தெடுக்கலாம். நான் எடுத்தது நிச்சியா நிறுவனத்தின் 519ஏ, 4500 கெல்வின் (வெளிச்சத்தின் சாயல், எண் ஏற ஏற நீலம் கூடும்), சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்ற மதிப்பெண், முழுசு 100) 90-க்கு மேல். உச்ச வெளிச்சம் மேலே சொன்னதைவிடக் குறைவு. பரவாயில்லை.

ஏன் இது? ஏலக்காய் தொழிலில் பச்சைதான் பணம். ஸ்டோருக்குள் போன காய் பதினெட்டிலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் சூட்டில் கிடக்கும். சூடு கொஞ்சம் ஏறினாலும் பச்சை வெளுத்து மஞ்சளடிக்கும். புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்குப் போனால் அந்த மஞ்சளுக்கு விலையைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே நடு ராத்திரி தட்டை இழுத்து நிறம் பார்ப்பது தவிர்க்க முடியாத வேலை. மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டால் டார்ச்தான் கதி. சாதாரண வெள்ளை எல்இடி டார்ச் பெரும்பாலும் 6500 கெல்வின், சிஆர்ஐ 70. அந்த வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருக்கும், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும், சிவப்பு போதாது. நல்ல பச்சைக் காயும் லேசாகப் பழுத்த காயும் ஒரே சாம்பல் பச்சையாகத் தெரியும். 519ஏ-யின் கீழ் அதே தட்டில் எது இளம்பச்சை, எது மஞ்சள் தட்டியது, எதன் காம்பில் பழுப்பு ஏறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து நிற்கிறது.

எங்கள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் முப்பது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். இரண்டு டார்ச்சையும் ஒரே தட்டின் மேல் அடித்துக் காட்டினேன். ஒரு பிடி காயை அள்ளி மாற்றி மாற்றிப் பார்த்தார். "தம்பி, இதுல பார்த்தா காலையில வெளியே கொண்டுபோய்ப் பார்த்த மாதிரியே இருக்கு. இதை இங்கேயே வச்சிட்டுப் போங்க" என்றார். அவருக்கென்று இன்னொன்று வாங்கினேன். விலை பேசுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தே ஆகவேண்டும், அது வேறு. ராத்திரி தீயைக் குறைப்பதா கூட்டுவதா என்று முடிவெடுக்க இது போதும்.

செடிக்குள் நடக்கும்போதும் இதே குணம் கைகொடுக்கிறது. ஏலத்தூரில் சுருண்டு கிடக்கும் குழிவிரியன் பச்சையோடு பச்சையாக இருக்கும். நீல வெளிச்சத்தில் தண்டும் பாம்பும் ஒன்றுதான். இதில் செதிலின் பச்சை வேறு, தண்டின் பச்சை வேறு. காலில் ஏறிய அட்டையும் உடனே கண்ணில் படும்.

தூரம் அடிக்க இதை நம்ப வேண்டாம். நான்கு சின்ன லென்ஸ் வெளிச்சத்தை அகலமாகக் கொட்டும். தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரம் போகும், விட்டால் காலடியிலேயே கொட்டும். தண்ணீரின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். லூமன்ஸ் என்பது தண்ணீர், கேண்டெலா என்பது வீச்சு. பெட்டியில் போடும் மீட்டர் கணக்கையும் பார்த்து வாங்க வேண்டும். 10,000 கேண்டெலா உள்ள டார்ச்சுக்கு 200 மீட்டர் என்று போடுவார்கள். அந்த 200-வது மீட்டரில் விழுவது 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம். யானை நிற்கிறதா என்று எதிர்ச்சரிவைப் பார்க்க வேண்டுமானால் ஒற்றை எல்இடியும் ஆழமான ரிஃப்ளெக்டரும் உள்ள டார்ச்சே சரி. மூடுபனியில் இதைத் தலைக்கு நேராகப் பிடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே இறக்கி, வெளிச்சத்தையும் குறைத்துப் பிடித்தால் பாதை தெரியும்.

சரி, இப்போது லூமன்ஸ். எரியும்போது பொத்தானை இருமுறை தட்டினால் டர்போ, அதாவது உச்ச வெளிச்சம். பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. இவ்வளவு சின்ன அலுமினியத்துக்கு அந்தச் சூடு தாங்காது. ஒரு நிமிஷத்துக்குள் தலையைத் தொட முடியாது, உள்ளே இருக்கும் வெப்பக் கட்டுப்பாடு தானே வெளிச்சத்தை இறக்கிவிடும். இது கோளாறு இல்லை, இந்த அளவு டார்ச் எல்லாமே இப்படித்தான். தொடர்ந்து கிடைப்பது சில நூறு லூமன்ஸ். நான் பெரும்பாலும் 350 மில்லி ஆம்பியர் இழுக்கும் படியில் வைக்கிறேன், ஏறத்தாழ 130 லூமன்ஸ் வரும். 3000 மில்லி ஆம்பியர் மணி செல்லை 350-ஆல் வகுத்துப் பாருங்கள், எட்டரை மணி நேரம். ஸ்டோரில் ஒரு ராத்திரிக்கு அது தாராளம்.

செல் விஷயத்தில் கறாராக இருங்கள். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் "9900 எம்ஏஹெச்" என்று அச்சடித்த 18650 செல்கள் வாங்கினேன். கையில் எடுத்ததுமே எடை இல்லை. நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும், உண்மையான கொள்ளளவும் 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். காசு திரும்பி வரவே இல்லை. இந்த டார்ச்சுக்கு அப்படிப்பட்ட செல் ஆபத்தும்கூட. சாம்சங் 30கியூ போல 15 ஆம்பியர் தாங்குகிற செல்லைப் போடுங்கள். என்னிடம் இருப்பதில் சார்ஜிங் போர்ட் இல்லை, சார்ஜர் தனியாக வேண்டும்.

உள்ளே ஓடுவது ஆண்டுரில் என்ற திறந்த மூல மென்பொருள். அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் மெல்ல ஏறும், இறங்கும். அணைந்திருக்கும்போது மூன்று தட்டில் பேட்டரி அளவைக் கண் சிமிட்டிச் சொல்லும். நான்கு தட்டில் பூட்டு. பையில் போடும்முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள், தெரியாமல் எரிந்தால் துணி பொசுங்கும். அப்புறம், பத்து தட்டில் ஆண்டுரில் 2 (இந்த மென்பொருளின் இரண்டாம் பதிப்பு) சில வசதிகள் மட்டும் உள்ள எளிய முறைக்குப் போய்விடும். ஸ்டோர் அண்ணனுக்கு அப்படி வைத்துத்தான் கொடுத்தேன். லென்ஸுக்கு அடியில் உள்ள சின்ன விளக்கு சார்ஜைப் பொறுத்து நிறம் மாறுவது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சிவப்பானால் செல்லை மாற்றிவிடுகிறார்.

மூன்று செல் போடும் சோஃபிர்ன் எஸ்பி36-ம் வைத்திருக்கிறேன். யுஎஸ்பி-சி சார்ஜிங் உண்டு, சூடும் மெதுவாக ஏறுகிறது. ஆனால் பையில் போட முடியாத கனம். ஜீப்பில் கிடக்கட்டும் என்றால் அதுவே நல்லது. வுர்க்கோஸ் டிஎஸ்10 சாவிக்கொத்து அளவு, அதன் 14500 என்ற சின்ன செல் ஒரு ராத்திரி வேலைக்குக் காணாது.

விலை 50 டாலரை ஒட்டி வரும், சுங்க வரி தனி. ஆர்டர் போடும்போது 519ஏ என்றும் 4500 கெல்வின் என்றும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 5700 கெல்வினும் உண்டு, வெள்ளை பிடித்தவர்கள் அதை எடுக்கலாம், நிறம் அதிலும் தப்பாது. செல்லை இந்தியாவிலேயே நம்பிக்கையான கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குக் கொஞ்சம் சிலிகான் கிரீஸும்.